திருத்த முடியாத கோப்பை அழிக்க முடிவது ஏன்?

லினக்ஸில் ஒரு கோப்புக்கு 444 என்று அனுமதி வைக்கிறீர்கள். 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க. மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கு. ஆக, ரூட்டைத் தவிர யாரும் இதில் எழுத முடியாது. ஆனால் அழித்துவிட முடிகிறது! எப்படி?

யூனிக்ஸ் வகை கணினிகளில் கோப்பின் பெயர் கோப்போடு இருப்பதில்லை. ஃபோல்டர் என்பதே பெயர்களும் அவற்றுக்குரிய ஐநோடு எண்களும் கொண்ட பட்டியல்தான். அனுமதி, உரிமையாளர், அளவு எல்லாம் ஐநோடில் இருக்கும். அழிப்பது என்றால் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிடுவது. அதனால் கெர்னல் சரிபார்ப்பது ஃபோல்டரில் எழுதவும் நுழையவும் உங்களுக்கு அனுமதி உண்டா என்பதை. (ஃபோல்டருக்கு 1 என்றால் நுழைய.) கோப்பின் 444 அங்கே கணக்கிலேயே வராது. ‘ஆர்எம்’ கட்டளை “அழிக்கட்டுமா?” என்று கேட்பது அந்த நிரலின் முன்னெச்சரிக்கை மட்டுமே.

சிக்கல் வந்தால் உடனே ஃபோல்டருக்கு 777 போடுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்: உள்ளே நுழையும் யாரும் எந்தக் கோப்பையும் நீக்கலாம். எல்லோரும் எழுதியாக வேண்டிய ‘டெம்ப்’ ஃபோல்டருக்கு வழக்கமாக 1777. முன்னால் நிற்கும் 1, ஸ்டிக்கி பிட். அது இருந்தால் கோப்பின் உரிமையாளர், ஃபோல்டரின் உரிமையாளர், ரூட் ஆகியோரே அழிக்கலாம்.