வித்தை காட்டினால்தான் வேகம்

2001ல் வந்த பனிச்சறுக்கு வீடியோ கேம் எஸ்எஸ்எக்ஸ் டிரிக்கி. இன்று ஆடினாலும் வேர்க்கிறது.

2006 பிப்ரவரி. இத்தாலியின் டுரின் குளிர்கால ஒலிம்பிக்ஸ். பெண்களுக்கான ஸ்னோபோர்டு கிராஸ் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் லிண்ட்சே ஜேகபெல்லிஸ் மற்றவர்களை வெகு தூரம் பின்னால் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். தங்கம் கிட்டத்தட்ட கையில். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்பிருந்த மேட்டில் எகிறியவர், அந்தரத்தில் பலகையைக் கையால் பிடித்து ஒரு சின்ன வித்தை காட்டினார். இறங்கும்போது விழுந்தார். எழுவதற்குள் ஸ்விட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் கடந்துபோய் தங்கத்தைத் தட்டிக்கொண்டார். ஜேகபெல்லிஸுக்குத் தங்கம் கிடைத்தது 16 வருடம் கழித்து, 2022 பெய்ஜிங்கில்தான்.

அன்று அவர் செய்த அதே காரியத்தை எஸ்எஸ்எக்ஸ் டிரிக்கியில் செய்யாவிட்டால்தான் தோல்வி. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஒருவரே: ஸ்டீவன் ரெக்ட்ஷாஃப்னர். பலர் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டு இறங்கும் போர்டர்கிராஸ் பந்தயத்தை 1991ல் கனடாவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக உருவாக்கியவர்களில் ஒருவர். அதுதான் பிறகு ஸ்னோபோர்டு கிராஸாக ஒலிம்பிக்ஸில் நுழைந்தது. அவரே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கனடா பிரிவில் 2000ல் எஸ்எஸ்எக்ஸ் வீடியோ கேமையும், மறு வருடம் டிரிக்கியையும் கொண்டுவந்தார். நிஜப் பனியை நன்கு அறிந்தவர், பனியின் விதிகளைத் துணிந்து தூக்கியெறிந்தார்.

ஆட்டத்தின் சூட்சுமம் எளிது. மேட்டிலிருந்து பறக்கும்போது கரணம் போட்டால், பலகையைப் பிடித்தால், திரையோரத்தில் ஒரு பட்டை நிரம்பும். அதைச் செலவழித்தால் வேகம். பட்டை முழுதாக நிரம்பினால் 'ஊபர்' வித்தைகள் கைவசமாகும். காலில் கட்டிய பலகையைக் கழற்றி, சுழற்றி, தரை வருவதற்குள் மறுபடி மாட்டிக்கொள்ளும் அசகாய சூரத்தனம். இப்படி ஒவ்வொன்றாகச் செய்து 'டிரிக்கி' என்ற சொல்லின் ஆறு ஆங்கில எழுத்துகளையும் ஏற்றிவிட்டால் பிறகு வேகத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வித்தை முடியுமுன் தரை வந்துவிட்டால் குப்புற விழ வேண்டியதுதான். ஒவ்வொரு தாவலிலும் பேராசைக்கும் பயத்துக்கும் ஒரு குட்டிப் பஞ்சாயத்து. இருபது வருடத்துக்கு மேலாகியும் இந்த ஆட்டம் கிழடு தட்டாததற்குக் காரணம் படமோ பாட்டோ அல்ல, இந்தப் பஞ்சாயத்துதான்.

பாட்டும் லேசுப்பட்டதல்ல. ரன் டிஎம்சி குழுவின் 1986ம் வருடப் பாட்டு சரியான தருணத்தில் வெடிக்கும். நடிகை லூசி லியு, பாடகி மேசி கிரே என்று குரல் கொடுத்தவர்களும் பிரபலங்கள். (அவர்கள் பேசும் வசனங்கள் பத்தாவது முறை கேட்கும்போது காது புளிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) டோக்கியோ தடத்தில் பின்பால் இயந்திரத்துக்குள் உருளும் குண்டாகவே ஆகிவிடுகிறோம். ஹவாயில் பனிப்பாறை. எந்தக் கூச்சமும் இல்லாத கற்பனை.

பின்னால் வந்தவை வேறு வழியில் போயின. 2003ல் வந்த மூன்றாவது ஆட்டம் ஒரே பெரிய மலையில் நடந்தது. அழகானது, ஆனால் டிரிக்கியின் குறும்பு குறைவு. 2012ல் நிஜ மலைத்தொடர்களையே எடுத்துக்கொண்டு பனிச்சரிவு, ஆக்சிஜன் தட்டுப்பாடு என்று பயமுறுத்தினார்கள். விழுந்தால் உதறிக்கொண்டு எழுவதுதான் இந்த வரிசையின் உயிர். அங்கே சாவைக் கொண்டுவந்து என்ன பயன்?

டிரிக்கியைப் புதிதாக ஆட நினைப்பவருக்கு வழி சுலபமில்லை. பழைய பிளேஸ்டேஷன் 2 போன்ற ஒரு கருவி வேண்டும், கீறல் விழாத வட்டும் வேண்டும். மூன்றாவது ஆட்டத்தை எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஆட 2018ல் வழி செய்தார்கள். அதற்கு முந்தையதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு நல்ல புத்தகம் மறுபதிப்பு காணாமல் பழைய புத்தகக் கடையில் கிடப்பதைப் போன்ற எரிச்சல்.

போன வாரம் முதல் தடமான கரிபால்டியில் மறுபடி இறங்கினேன். ஐந்து எழுத்துகள் ஏறிவிட்டன. இரண்டாவது இடத்தில் வந்துகொண்டிருந்தேன். கடைசி மேடு. நேராகத் தாவியிருந்தால் அந்த இடமாவது உறுதி. ஆறாவது எழுத்துக்கு ஆசைப்பட்டுப் பலகையைக் கழற்றினேன். மாட்டுவதற்குள் தரை வந்துவிட்டது. ஐந்தாவது இடம். மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன்.