பொதுவியலுக்கும் இலக்கணம் உண்டு

2019ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி, மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படங்களைத் திரைக்கலையாகக் கொள்ள இயலாது என்றும், அவை கேளிக்கைப் பூங்காக்களுக்கு ஒப்பானவை என்றும் ஒரு நேர்காணலில் கருத்துரைத்தார். அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸ் இதழில் தம் கருத்தை விரித்தும் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' அதற்குள் 270 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டியிருந்தது. அதன் தமிழ் மொழிமாற்றுப் படத்திற்கு ஏ. ஆர். முருகதாஸ் உரையாடல் எழுத, 'அயர்ன் மேன்' பாத்திரத்திற்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்திருந்தார். ஆகவே இவ்வழக்கில் தமிழரும் ஒரு தரப்பினரே.

நம் பள்ளிகளில் இவ்வழக்கு வேறொரு வடிவில் நாள்தோறும் நடைபெறுகிறது. மாணவன் தான் பார்த்த படத்தைப் பற்றி ஆர்வத்தோடு பேசத் தொடங்குகிறான். "அதெல்லாம் கலையாகாது" என்கிறார் ஆசிரியர். "பொழுதுபோக்குதானே சார்" என்று மாணவனும் விலகிக்கொள்கிறான். இருவரும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தோன்றினும், அப்படத்தை ஆராய வேண்டியதில்லை என்னும் ஒரே முடிவில் இருவரும் உடன்படுகின்றனர். இவ்வுடன்பாடு சரிதானா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பொருள். மேலைநாட்டு முகமூடி வீரர்களையும், 'எந்திரன்' போன்ற இயந்திர வீரர்களையும், முகமூடி ஏதுமின்றியே தனியொருவராக நூறு பேரை வீழ்த்தும் நம் திரைத் தலைவர்களையும் சேர்த்துப் 'பெருநாயகப் படங்கள்' என வழங்குவோம். தமிழ் இளைஞருக்கு 1972 முதலே முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி அறிமுகம். இவ்வகை நமக்குப் புதிதன்று.

முதற்கண் சொற்களை நோக்குவோம். 'கலை' என்னும் சொல்லை நுண்கலைக்கு மட்டும் உரியதாக நாம் ஆள்வது பிற்கால வழக்கு. அறுபத்து நான்கு கலைகள் எனப் பழையோர் எண்ணிய பட்டியல்களில் மாலை தொடுத்தலும் சமையலும் சூதாட்டமும் இடம்பெறும். 'கேளிக்கை' என்பதோ இன்று வரித்துறைச் சொல்லாகிவிட்டது. இந்நாட்டிலும் 1953ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் திரைப்படம் வெறும் வணிகமே எனத் தீர்ப்பளித்து, 1952இல்தான் அதனைக் கருத்து வெளிப்பாடாக ஏற்றது. நீதிமன்றமும் வரித்துறையும் தத்தம் தேவைக்காக வகுத்த பிரிவினையை மதிப்பீட்டுக்குரிய பிரிவினையாகக் கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

அவ்வாறாயின் தமிழ் மரபில் இத்தகைய பிரிவினையே இல்லையோ எனில், உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதை, மாதவிக்கு ஆடல் பயிற்றிய ஆசான் இருவகைக் கூத்தின் இலக்கணமும் அறிந்தவன் எனக் கூறுகிறது. அவ்விருவகை யாது என விளக்கப் புகுந்த அடியார்க்குநல்லார் தரும் இணைகளுள் ஒன்று வேத்தியல், பொதுவியல் என்பது. மற்றொன்று சாந்திக்கூத்து, விநோதக்கூத்து என்பது. வேந்தர் அவைக்கு உரியது வேத்தியல். ஊரார் அனைவர்க்கும் உரியது பொதுவியல். இப்பிரிவினை காண்போரையும் களத்தையும் பற்றியது. ஒன்று உயர்ந்தது, மற்றது இழிந்தது என்னும் தரப்பாகுபாட்டை இதிற் காண இயலாது. நாம் கருதத்தக்கது, ஆசான் இரண்டன் இலக்கணத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே. பொதுவியலுக்கு இலக்கணம் இருந்தது. இலக்கணம் இருந்தமையால் பிழையும் இருந்தது. பிழை இருந்தமையால் மதிப்பீடும் இருந்தது.

தொல்காப்பியத்தில் இதற்கு இன்னும் ஆழமான சான்று கிடைக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறும் மெய்ப்பாட்டியல், அவற்றைப் 'பண்ணை'யில் தோன்றிய பொருள்களிலிருந்து விளக்கத் தொடங்குகிறது. பண்ணை என்றால் இன்று நமக்குக் கோழிப்பண்ணையும் பாற்பண்ணையுமே நினைவுக்கு வரும். ஆனால் தொல்காப்பிய உரியியல் அச்சொல்லுக்கு விளையாட்டு என்று பொருள் தருகிறது. மெய்ப்பாட்டியலுக்கு உரைவகுத்த பேராசிரியரும் மன்னர்கள் ஆடலும் பாடலும் கண்டு மகிழ்ந்த விளையாட்டாயத்தை இங்குப் பொருளாகக் கொள்கிறார். தமிழின் முதல் சுவைக் கோட்பாடு பொழுதுபோக்குக் களத்திலிருந்தே புறப்படுகிறது என்பதை நம் இலக்கிய வகுப்புகள் போதிய அளவு சொல்வதில்லை.

பெருநாயகப் படத்தின் உறுப்புகள் சில நம் அரங்க மரபிலேயே வேர்கொண்டவை. சிலப்பதிகாரம் கூறும் மூவகைத் திரைகளுள் கரந்துவரல் எழினியும் ஒன்று. தெருக்கூத்தில் இருவர் திரை பிடிக்க, அதன் பின்னின்று பாத்திரம் பாடத் தொடங்கும். முதலிற் குரல், பின்பு கிரீடத்தின் முனை, பின்பு முழு வேடம் என ஊராரின் ஆவல் வளர வளர வெளிப்படும். ரஜினிகாந்த் படத்தின் முதற்காட்சியில் முதலிற் காலணியையும் பின்பு கையையும் காட்டி முகத்தை இறுதியிலேயே காட்டுவதும் அதே முறைமைதான். இதனை வணிக உத்தி எனத் தள்ளுவோர், துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து வருவதைப் பண்பாடு எனப் போற்றுவதற்குக் காரணம் கூற வேண்டும்.

லுக்குட் வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்த நமக்குப் பெருநாயகர் அறிமுகமானது கொட்டகையில் அன்று, திடலில். இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். லயத்துச் சனம் பாயும் சாக்குமாகப் பொழுது சாயுமுன்னே வந்து இடம்பிடிக்கும். இடம் கிடைக்காதோர் துணியின் மறுபுறம் அமர்ந்து பார்ப்பர், அவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் சுழற்றுவார். மறுநாள் பெரட்டுக்களத்தில் எந்தக் கையால் வெட்டினார் என்று வாதம் நடந்ததும் உண்டு. 1965இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' சில ஆண்டுகள் கழித்து எங்கள் திடலுக்கு வந்தது. அஞ்சி அஞ்சி வாழும் இராமுவின் இடத்திற்கு அவனைப் போன்றே உருவமுடைய இளங்கோ வந்து, நம்பியாரின் சவுக்கைப் பிடுங்கி அவரையே விளாசும் காட்சியில் திடல் முழுவதும் எழுந்து நின்றது. கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் முன்னால் பகலெல்லாம் தலைதாழ்த்தி நின்றவர்கள் அவர்கள்.

வெகுளி என்னும் மெய்ப்பாடு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகிய நான்கிலிருந்து பிறக்கும் என்பது தொல்காப்பியம். குடிகோள் என்பது குடியைத் துன்புறுத்தல். அலை என்பது வைதும் அடித்தும் வருத்துதல். பல்கலைக்கழகத்தில் இந்நூற்பாவைப் பயின்றபோது நமக்கு உரை தேவைப்படவில்லை. திடல் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்றையும் உடன்கூற வேண்டும். அவ்வெகுளி மறுநாள் காலை பெரட்டுக்கு வரவில்லை. கூலி உயர்வும் மருத்துவ வசதியும் தொழிற்சங்கத்தின் நெடிய முயற்சியால் வந்தவையே அன்றித் திரையிலிருந்து இறங்கி வந்தவையல்ல. இதனைக் கொண்டு படத்தைப் பழிப்பது முறையாகாது. கூத்துப் பார்த்தவன் குருச்சேத்திரத்திற்குப் போகவில்லையே என்று எவரும் குறைகூறுவதில்லை.

இனி, பொதுவியலின் அளவுகோல் யாது? தொல்காப்பிய அகத்திணையியல் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைக் கூறி, இரண்டும் சார்ந்து அமைவதையே புலனெறி வழக்கம் என்கிறது. நாடக வழக்காவது உள்ளதை உயர்த்திப் புனைந்து கூறுதல். உலகியல் வழக்காவது உலகத்தார் ஒழுகும் முறை. ஒருவன் நூறு பேரை அடிப்பது நாடக வழக்கு; அதில் குற்றமில்லை. அனுமன் பேருருக் கொள்வதைக் கம்பனிடம் நாம் ஏற்கிறோமன்றோ? எந்த உலகியல் துன்பத்தின்மேல் அப்புனைவு எழுப்பப்பட்டது என்று கேட்க வேண்டும். அடித்தளம் இல்லையேல் மருட்கை மட்டும் எஞ்சும். மருட்கைக்கு நிலைக்களம் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவை. புதுமையையே பெரிதும் நம்பிய படம் அடுத்த ஆண்டின் கணினி வரைகலை வந்ததும் பழையதாகிவிடும்.

ஷங்கரின் இரு படங்களை இவ்வளவுகோலால் நோக்கலாம். 'எந்திரன்' (2010) படத்தில் ஆயிரம் இயந்திரங்கள் ஒன்றுகூடிப் பாம்பாகவும் பந்தாகவும் உருக்கொண்ட காட்சிகளை அன்று வியந்தோம். இன்று நம் நெஞ்சில் நிற்பது, நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கும் காட்சியே. அங்கே அழுகைச் சுவை இயந்திரத்தின் வழியாகவும் கைகூடியது. '2.0' (2018) படத்தில் கைப்பேசிகள் பறவையாகப் பறப்பது மருட்கை. பறவைகளுக்காக மன்றாடித் தோற்ற பக்சிராஜனின் கதை அழுகை. அக்கதை முடிந்ததும் படமும் முடிந்துவிட்டது என்பது நம் கருத்து. எஞ்சியதை ஸ்கோர்செசி கூறிய பூங்காவிற் சேர்க்கத் தடையில்லை.

நம் நாட்டையே களமாகக் கொண்ட இரு படங்கள் ஏழு மாத இடைவெளியில் வந்தன. ஆசிரியர்களுக்கு இவற்றினும் நல்ல பாடப்பொருள் கிடைத்தல் அரிது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015 டிசம்பரிலும், பா. இரஞ்சித் இயக்கிய 'கபாலி' 2016 ஜூலையிலும் வெளிவந்தன. இரண்டும் தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழரையும், அவர்தம் பிள்ளைகளைப் பற்றிக்கொண்ட குண்டர் கும்பலையும் பற்றியவை. ஒன்றில் விமானத்தின் மேனியிலேயே படம் வரையப்பட்ட உலகப் புகழ் நாயகர். மற்றொன்றில் அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். 'ஜகாட்' என்னும் தலைப்பே நம் வட்டாரத் தமிழ்: தீயவன், குறும்பன் எனப் பொருள்படும் 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல், இடையில் நின்ற ஹகரம் ககரமாகி நம் வாய்க்கு இசைந்த வடிவம். அப்படம் 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வுபெற்றது. மொழி அடிப்படையில் படங்களைப் பிரித்த போட்டி விதி அதற்குச் சற்று முன்னர்தான் எதிர்ப்புக்குப் பின் மாற்றப்பட்டிருந்தது.

கற்றவர்கள் 'ஜகாட்' கலை, 'கபாலி' பொழுதுபோக்கு என்று எளிதிற் பிரித்துவிட்டனர். நாம் மெய்ப்பாட்டை நோக்குவோம். பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கிலிருந்து பிறக்கும். பெருநாயகப் படங்கள் பெரும்பாலும் தறுகண்ணையும் இசைமையையும் மட்டுமே எடுத்தாளும், கொடை ஒரு பாட்டில் வந்து போகும், கல்வி வாராது. 'கபாலி' தன் நாயகனைச் சிறையிற் புத்தகம் படிப்பவனாக முதலிற் காட்டுகிறது. வழிதவறிய இளைஞருக்காகப் பள்ளி நடத்துபவனாகவும் காட்டுகிறது. தோட்டத் தொழிலாளியின் மகன் கோட்டு அணிவது அங்கே உரிமைக் குரலாகிறது. பெருமிதத்தின் நான்கு நிலைக்களங்களையும் ஒருங்கே தொட முயன்றது என்பதே அப்படத்தின் சிறப்பு. பிற்பகுதியில் துப்பாக்கிகளின் எண்ணிக்கை பெருகப் பெருகக் கல்வி பின்னுக்குத் தள்ளப்படுவது அதன் குறை. 'ஜகாட்'டில் பெருமிதமே இல்லை, இளிவரல் உண்டு. மனப்பாடமே கல்வி எனக் கொண்ட சூழலில் அப்போயின் கற்பனைத் திறன் மதிப்பாரின்றிப் போகிறது. தந்தை மணியத்தின் அடியும் வசவும் அன்பின் வடிவங்களாகவே வருகின்றன. நாடக வழக்கு மிக்கது ஒன்று, உலகியல் வழக்கு மிக்கது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவனுக்கு, முதற்படத்தின் நாயகனை வேண்டி நிற்பவன் இரண்டாம் படத்தின் சிறுவனே என்பது விளங்கும்.

வகுப்பறையில் இதனை எங்கிருந்து தொடங்குவது? மாணவரின் சொற்களிலிருந்தே தொடங்கலாம். 'மாஸ்', 'கெத்து' என அவர்கள் எழுதுவதைச் சிவப்பு மையால் அடித்துவிடுகிறோம். 'மாஸ்' என்னும் சொல் வெகுமக்களைக் குறித்துத் தமிழுக்கு வந்தது. இன்று நாயகனின் தோற்றப் பொலிவைக் குறிக்கிறது. கூட்டத்தின் பெயர், அக்கூட்டம் போற்றும் பண்புக்கு ஆகிவந்த இப்பொருள்மாற்றம் மொழியியல் மாணவர் ஆராயத் தக்கது. 'கெத்து' என்பதை நால்வகைப் பெருமிதத்துள் எதனோடு பொருத்துவது என்று கேட்டால், தறுகண் என்பார் சிலர், இசைமை என்பார் சிலர். கல்வியால் வரும் கெத்து உண்டா என்று மூன்றாமவன் வினவுவான். கட்டுரைப் பாடம் அங்கே தொடங்கிவிடும்.

மேல்வகுப்பு மாணவருக்கு இன்னொரு பயிற்சியும் உண்டு. 'கபாலி'யின் மூலப்படத்தில் நாயகனை நோக்கி அவனுடைய பழைய மாணவனே வருகிறான். திரை இருள, துப்பாக்கி ஒலி மட்டும் கேட்கிறது. நம் நாட்டுத் திரையரங்குகளில் அவ்விருளின்மேல், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் செய்தி எழுத்தில் வந்தது. மூலத்தின் முடிவில் எழும் மெய்ப்பாடு எது, அச்செய்தியைப் படித்தபின் எஞ்சும் மெய்ப்பாடு எது என்று அவர்களை இரு பத்திகளில் எழுதச் செய்யலாம்.