ரிமோட் பந்தயப் படகு: எடை, ஸ்ட்ரட், அப்புறம்தான் சுக்கான்

ரிமோட் படகு வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வேகம் நல்லா வருது, ஆனா திருப்பினா கவுந்துடுது. பெரிய சுக்கான் மாட்டிடலாமா?" மாட்டலாம். மாட்டினால் இன்னும் சீக்கிரம் கவிழும். திருப்பத்தில் தெரிகிற கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் சுக்கானில் இருப்பதில்லை. படகின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் அடிப்பகுதி எவ்வளவு தண்ணீரைத் தொடுகிறது, இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். சுக்கான் கடைசி.

பேச்சு காற்றில் நிற்காமல் இருக்க ஒரு படகை எடுத்துக்கொள்வோம். என்னிடம் இருப்பதே போதும். 850 மி.மீ. நீளம், ஃபைபர் கிளாஸ் உடல், ஆழமான 'வி' வடிவ அடி, பேட்டரியோடு சேர்த்து 3 கிலோ. 4 செல் லிப்போ பேட்டரி, 2000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், 40 மி.மீ. விட்டமுள்ள இரண்டு இலை புரொப்பல்லர்.

இது எவ்வளவு வேகம் போகும்? 4 செல் என்றால் 14.8 வோல்ட். 2000 கேவி என்றால் வோல்ட்டுக்கு 2000 சுற்று. பெருக்கினால் நிமிடத்துக்கு 29,600 சுற்று. புரொப்பல்லரின் பிட்ச் விட்டத்தைப் போல 1.4 மடங்கு, அதாவது 56 மி.மீ. ஒவ்வொரு சுற்றுக்கும் 56 மி.மீ. முன்னேறினால் மணிக்கு 99 கி.மீ. வர வேண்டும். இது காகிதக் கணக்கு. சுமை ஏறியதும் மோட்டார் சுற்று குறையும், புரொப்பல்லரும் தண்ணீரில் வழுக்கும். கையில் கிடைப்பது இதில் 70 சதவீதம்னு வைச்சுக்கலாம், கிட்டத்தட்ட 70 கி.மீ.

3 கிலோ பொருள் 70 கி.மீ. வேகத்தில் போவது என்றால் என்ன அர்த்தம்? அதே 3 கிலோ கல்லை 19 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறாவது மாடியிலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ அது. முன்பக்கம் கூர்மையாக வேறு இருக்கிறது. கரையில் குழந்தைகள் நிற்கிறார்கள். ஆகவே 'ஹேண்ட்லிங்' என்பது பந்தயத்தில் ஜெயிப்பதற்கான விஷயம் மட்டும் கிடையாது. சொன்ன இடத்தில் திரும்பாத படகை ஏரியில் விடவே கூடாது.

வேகம் கூடும்போது படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதை நிறுத்திவிட்டு, அதன் மேல் ஏறி ஓடத் தொடங்கும். பிளேனிங் என்பார்கள். நல்ல பந்தயப் படகு முழு வேகத்தில் பின்பக்கத்தின் ஒரு சிறு பகுதியால் மட்டுமே தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். தொடும் பரப்பு குறைந்தால் உராய்வு குறையும், வேகம் கூடும். பிடிப்பும் கூடவே குறையும். டியூனிங் என்று நாம் செய்வதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் பேரம் பேசுவதுதான். ஒரு கட்டத்துக்கு மேல் முன்பக்கம் தூக்கினால் அடியில் காற்று நுழையும், அப்புறம் படகு இறக்கை மாதிரி நடந்துகொள்ளும். காற்றின் தூக்குவிசை வேகத்தின் இருமடிப்பெருக்கத்தில் ஏறுவதால், 60 கி.மீ.யில் சாதுவாக ஓடிய படகு 70-ல் திடீரென்று மல்லாந்துவிடும்.

இது பொம்மைப் படகின் பிரச்சினை மட்டும் இல்லை. 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்ப்பெல் தன் புளூபேர்ட் கே7 ஜெட் படகில் உலக சாதனைக்கு முயன்றார். மணிக்கு 300 மைலைத் தாண்டிய வேகத்தில் முன்பக்கம் மேலெழுந்து, படகு குட்டிக்கரணம் அடித்தது. கேம்ப்பெல் அங்கேயே இறந்துபோனார். அந்தப் படகின் வடிவம் வேறு, எஞ்சின் வேறு. ஆனால் முன்பக்கம் ஓரளவுக்கு மேல் தூக்கினால் திரும்ப இறங்காது என்பது அதற்கும் நம் 3 கிலோ படகுக்கும் ஒன்றுதான்.

சரி, எடைக்கு வருவோம். பேட்டரி, மூடி, எல்லாவற்றையும் ஓடும் நிலையில் பொருத்திவிட்டு, படகின் இரண்டு பக்கமும் விரல்நுனியில் தாங்கித் தூக்கிப் பாருங்கள். முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிற இடம் ஈர்ப்பு மையம். 'வி' அடிப் படகுகளுக்கு அது பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 சதவீதத்தில் இருப்பது நல்ல தொடக்கம். 850 மி.மீ.க்கு 255 மி.மீ. பின்பலகை என்று நான் சொல்வது சுக்கான் மாட்டியிருக்கும் அந்தத் தட்டையான பின்சுவரை. அதிலிருந்துதான் அளக்க வேண்டும், சுக்கானின் நுனியிலிருந்து அல்ல.

பேட்டரியை நகர்த்தினால் எவ்வளவு மாறும்? என் பேட்டரி 500 கிராம். 30 மி.மீ. முன்னால் தள்ளினால் மொத்த ஈர்ப்பு மையம் 5 மி.மீ. முன்னால் போகும். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும், ஆனால் தண்ணீரில் இந்த 5 மி.மீ. நன்றாகவே தெரியும். அதனால் பேட்டரியை வெறுமனே வெல்க்ரோவில் ஒட்டாமல், அடியில் ஒரு ஸ்கேலை ஒட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எந்தக் கோட்டில் இருந்தது என்று எழுதி வைக்கிறேன். மென்பொருள்காரன் புத்தி, வெர்ஷன் நம்பர் இல்லாமல் எதையும் மாற்ற மனசு வராது.

படகின் நடத்தையே மையம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். நேராகப் போகும்போது முன்பக்கம் தவளை மாதிரி தத்தித் தத்தி ஏறி இறங்கினால் எடை பின்னால் அதிகம். மூக்கைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டு, பக்கவாட்டில் நிறைய தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, நேர்க்கோட்டில்கூட அலைபாய்ந்தால் முன்னால் அதிகம். முன்பாரமான படகு திருப்பத்தில் இன்னொரு வேலையும் செய்யும்: மூக்கு தண்ணீரில் கொக்கி போட்டது போல மாட்டிக்கொள்ள, பின்பக்கம் சுழன்றுவிடும். "சுக்கான் ரொம்ப பவர்ஃபுல்" என்று சிலர் நினைப்பது இதைத்தான்.

மையம் சரியாக இருந்தும் தத்தினால் படகைக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பாருங்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேலை பின்பலகையிலிருந்து முன்நோக்கி நீளவாக்கில் வைத்து, பின்னால் வெளிச்சம் காட்டுங்கள். கடைசி 15 செ.மீ. தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் வீங்கியிருந்தால் தத்தும், குழிந்திருந்தால் மூக்கை அழுத்தும். அச்சில் வார்த்தெடுத்த ஃபைபர் உடல்களில் இரண்டுமே சகஜம். 400 நம்பர் தண்ணீர்ப் பேப்பரை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றி, பொறுமையாகத் தேய்த்தால் போதும். பின்பலகையின் கீழ் விளிம்பு கூராக இருக்கட்டும். உருண்டையாக இருந்தால் தண்ணீர் பிரியாமல் மேலே ஒட்டிக்கொண்டு ஏறும்.

அடுத்து ஸ்ட்ரட். புரொப்பல்லர் தண்டைப் பின்பலகைக்கு வெளியே தாங்கிப் பிடிக்கும் உலோகத் துண்டு இது. பந்தயப் படகில் புரொப்பல்லர் முழுதாக மூழ்கி ஓடுவதில்லை. பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றும். அதனால்தான் பின்னால் அந்த நீண்ட சேவல்வால் நீர்த்தாரை. இப்படி ஓடும்போது அது படகை முன்னால் தள்ளுவதோடு பின்பக்கத்தை மேலேயும் தூக்குகிறது. ஸ்ட்ரட்டை இறக்கினால் பின்பக்கம் இன்னும் தூக்கும், மூக்கு இறங்கும். ஏற்றினால் மூக்கு எழும், படகு லேசாகும், கூடவே பிடிப்பும் போகும். தண்டு படகின் அடிக்கு இணையாக, அதன் மையம் 'வி'யின் கூர்முனைக்கு நேராக, இங்கே தொடங்குங்கள். அதன் பிறகு ஒரு தடவைக்கு 1 மி.மீ. மட்டும். சாய்வைத் தொட்டாலும் இதே விளைவுதான்: தண்டின் பின்முனை தாழ்ந்திருந்தால் உந்துவிசை சற்று மேல்நோக்கி இருக்கும், அதனால் பின்பக்கம் தூக்கி மூக்கு இறங்கும். இதில் அரை டிகிரியே பெரிய விஷயம்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள். மோட்டாரிலிருந்து வரும் முறுக்குக் கம்பி சுமையில் இறுகிச் சற்றுக் குட்டையாகும். அதனால் ஸ்ட்ரட்டுக்கும் புரொப்பல்லரைப் பிடிக்கும் டாக்குக்கும் நடுவே 4 மி.மீ. போல இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் டாக் ஸ்ட்ரட்டில் தேய்ந்து, மோட்டார் வீணாகச் சூடாகும்.

இப்போது வலது-இடது சமாச்சாரம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஒற்றை மோட்டார் பந்தயப் படகுகளில் புரொப்பல்லர் பெரும்பாலும், பின்னால் நின்று பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றும். தண்ணீரில் இருப்பது கீழ்ப்பாதி இலைகள்தான். அவை இடமிருந்து வலமாகப் போகின்றன, தண்ணீரை வலப்பக்கம் தள்ளுகின்றன. எதிர்வினையாகப் படகின் பின்பக்கம் இடப்புறம் நகர, மூக்கு வலப்புறம் இழுக்கும். அதே நேரத்தில், புரொப்பல்லர் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் உடல் வலஞ்சுழியாகச் சுழல முயலும். அதாவது வலது ஓரம் தண்ணீரில் அமுங்கும்.

இதை வைத்துக்கொண்டு யோசித்தால், புதிய படகுக்காரர்கள் குழம்பும் ஒரு விஷயம் விளங்கிவிடும்: வலப்பக்கம் அழகாகச் சாய்ந்து திரும்பும் படகு, இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறது? வலத் திருப்பத்தில் இந்த முறுக்கு உள்பக்கமாகச் சாய உதவுகிறது. இடத் திருப்பத்தில் எதிர்க்கிறது. அமெரிக்க கிளப்களின் நீள்வட்டப் பந்தயங்களில் படகுகள் வலஞ்சுழியாகத்தான் சுற்றும், எல்லாத் திருப்பமும் வலம். சுக்கானைப் பின்பலகையின் வலப்பக்கம் தள்ளி வைப்பதும் இதே கணக்குதான். வேடிக்கைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், ஏரியில் நாலு பேர் ஓட்டும்போது எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவது நல்லது.

நேராகப் போகும்போது வலப்பக்கம் சாய்ந்தே ஓடினால் இரண்டு வைத்தியம். பேட்டரியை நாலைந்து மி.மீ. இடப்பக்கம் நகர்த்துவது ஒன்று. பின்பலகையில் இருக்கும் இரண்டு டிரிம் டேப் தகடுகளில் வலதுபக்கத்தை ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இறக்குவது இன்னொன்று. நான் பேட்டரியைத்தான் முதலில் நகர்த்துவேன். காரணம், டேப் இறக்கினால் உராய்வு கூடும். எடையை நகர்த்துவதற்குக் காசும் இல்லை, வேக இழப்பும் இல்லை.

டேப்கள் வேறொரு நோய்க்கு மருந்து. முழு வேகத்தில் படகு ஓரத்துக்கு ஓரம் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போய் கடைசியில் கவிழும். 'வி' அடி ரொம்ப மேலே எழுந்து, கூர்முனையின் மேல் மட்டும் நிற்க முயல்வதால் வருவது இது. இரண்டு டேப்களையும் துளி இறக்குங்கள், அல்லது ஸ்ட்ரட்டை 1 மி.மீ. இறக்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு சுக்கான். அதன் முன்விளிம்பு கத்தி போல, பின்விளிம்பு மொட்டையாக இருக்க வேண்டும். முன்விளிம்பு மழுங்கியிருந்தால் திருப்பத்தில் மேலிருந்து காற்றை உறிஞ்சி, திடீரென்று பிடி விட்டுவிடும். கையால் அசைத்துப் பாருங்கள், இணைப்புகளில் ஆட்டம் இருக்கக் கூடாது. அப்புறம் டிரான்ஸ்மிட்டரில் சுக்கானின் திருப்பக் கோணத்தைக் குறையுங்கள். முழு வேகத்தில் எவ்வளவு குறைவாகத் திருப்பினால் போதும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

புரொப்பல்லரைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரே வடிவம், ஒரே சுற்று என்றால் அது கேட்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 40 மி.மீ.யிலிருந்து 42-க்குப் போனால் 5 சதவீதம்தான் அதிகம், சக்தியோ ஏறக்குறைய 28 சதவீதம் அதிகம் வேண்டும். மோட்டார், இ.எஸ்.சி., பேட்டரி மூன்றும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பின்பக்கத் தூக்கலும் முறுக்கும் மாறுவதால், மேலே செய்த டியூனிங்கையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். புதிய புரொப்பல்லரைக் கூர் தீட்டி பேலன்ஸ் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பந்தய வகைகள் பல பெரிலியம் செம்பில் வார்க்கப்பட்டவை. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்து, நல்ல முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், இரண்டு நிமிடம் ஓட்டம், கரைக்கு வந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது. மூன்று நொடிகூட விரலை வைக்க முடியாத சூடு என்றால் சுமை அதிகம். அலை இருக்கும் நாளில் அளவெடுக்காதீர்கள், அன்றைக்கு எல்லா செட்டிங்கும் மோசமாகத்தான் தெரியும்.

தண்ணீரில் விடுவதற்கு முன் ஃபெயில்சேஃப் சோதனை: படகை ஸ்டாண்டில் வைத்து, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. உள்ளே, மூக்குப் பகுதியில் நுரைத் துண்டுகளை அடைத்து வையுங்கள், தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும். ஏரி நடுவில் கவிழ்ந்து நின்றுவிட்டால் நீந்திப் போய் எடுக்க வேண்டாம், எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் சரி. அடியில் பாசியும் கொடியும் எவ்வளவு இருக்கிறது என்று கரையிலிருந்து தெரியாது. நான் மீன்பிடித் தூண்டிலின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி எறிந்து, படகைத் தாண்டி விழவைத்து இழுக்கிறேன். எட்டாவிட்டால் காற்று கரைக்குத் தள்ளும்வரை உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சாயங்காலம் முழுக்க அப்படிப் போனது, கையில் ஒரு ஃபிளாஸ்க் டீ இருந்தது.