கை வீங்கினால் உருவிவிடாதீர்கள்!

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர் அவர். நாள் முழுவதும் நீளக் கம்பில் பூட்டிய அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கி இழுக்கிறார். மறுநாள் காலையில் வலக்கை கனக்கிறது. சட்டைக் கை இறுக்குகிறது. தோள்பட்டையில் நரம்பு புடைத்து நிற்கிறது.

"சுளுக்காகத்தான் இருக்கும். எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாய்ப் போகுங்க" என்கிறார் மனைவி.

சற்றுப் பொறுங்கள், அம்மா! அது இரத்தக் கட்டியாகவும் இருக்கலாம்.

கையிலிருந்து இருதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டு செல்லும் குழாய்க்குச் சிரை என்று பெயர். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவிலுள்ள குறுகிய சந்தில் அது நுழைந்து போகிறது. கையை ஓயாமல் உயர்த்தி உழைப்பவர்களில் சிலருக்கு, அங்கே சிரை நசுங்கி உள்ளே இரத்தம் உறைந்துவிடுகிறது. 1875-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் இந்நோயை விவரித்து எழுதினார்.

இன்னொரு காரணமும் உண்டு. அதுவே அதிகம் காணப்படுவது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கவும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றவும் கழுத்திலோ கையிலோ பெரிய சிரைக்குள் குழாய் வைப்பார்கள். அதைச் சுற்றியும் இரத்தம் உறையலாம். அப்போது கழுத்தும் முகமும்கூட வீங்கக்கூடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம். 'அல்ட்ராசவுண்ட்' ஸ்கேன் போதும். தோலில் பசை தடவி, சிறு கருவியை வைத்து அழுத்துவார்கள். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய்த் திரும்பி, திரையில் படமாகத் தெரியும். நல்ல சிரை, அழுத்தியதும் தட்டையாகிவிடும். கோப்பையில் உறைந்த ரப்பர் பாலைப்போல இரத்தம் கட்டியிருந்தால் சிரை மடங்காது. எலும்புக்கு அடியில் அழுத்த முடியாதல்லவா? அங்கே 'டாப்ளர்' முறையில் இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் பார்ப்பார்கள். அதிலும் தெளிவில்லையென்றால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

கட்டி துண்டாகி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் உருவிப் பிசையக் கூடாது என்கிறோம். திடீரென்று மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ தாமதிக்காதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

இரத்தம் மேலும் உறையாதிருக்க, பெரும்பாலும் 3 மாதமாவது மருந்து தருவார்கள். வீக்கம் வடிந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாட்டு மருந்து சாப்பிடுவதாயிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று தயங்க வேண்டாம். குடும்பத்தைத் தாங்கும் கை அல்லவா அது!