உங்களுக்குத் தெரியுமா? புகைபோக்கிக்குள்ளும் தீப்பிடிக்கும்!

நம்மூர் ஆடி மாதத்தில், தெற்கு ஆக்லாந்தின் மனுகாவில் குளிர்காலம். பல வீடுகளில் விறகு ஹீட்டர் எரியும். ஈர விறகு சரியாக எரியாமல் புகைந்தால், அந்தப் புகை குழாயின் உட்புறத்தில் கிரியோசோட் என்ற கறுப்புப் பிசினாகப் படிகிறது. அது நன்றாகத் தீப்பிடிக்கும் பொருள். ஒரு பொறி பட்டால் குழாய்க்குள்ளேயே தீ மூண்டு, வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸை எட்டலாம். கூரை மரங்களுக்கும் பரவலாம்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சொல்கிறது நியூசிலாந்தின் தீயணைப்பு, அவசரசேவை அமைப்பு. குளிர் தொடங்கும் முன், ஏப்ரலிலேயே தொழில்முறை ஆளை வரச் சொல்லிவிடுங்கள். அவர் பிரஷ்ஷால் கரியைத் தள்ளிவிட்டுப் போனால் போதாது. குழாயில் துரு, இணைப்பில் விரிசல், அடுப்பினுள் உடைந்த செங்கல், உச்சியில் பறவைக்கூடு எல்லாம் பார்க்க வேண்டும். கூடு அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

வாடகை வீடா? கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று உரிமையாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். குழாயில் ரயில் ஓடுவது போன்ற இரைச்சல் கேட்டால், உள்ளே தீ மூண்டிருக்கலாம்; எல்லோரும் வெளியே வந்து 111 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.