கையில் வந்த திண்ணை

அல்சூர் ஏரிக்கரையில் காலை நடை போகும் எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். சர்க்கரை அளவு, பென்ஷன், பேரன் பேத்திகள், காவிரி என்று பேச்சு எங்கெங்கோ போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், "நேத்து ராத்திரி குரூப்ல போட்டேனே, பார்க்கலையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். மற்ற நால்வரும் சிரித்தார்கள். பொத்தான் வைத்த பழைய செல்போனைச் சட்டைப் பையில் வைத்திருந்த நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. எங்கோ ஒரு திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தத் தெருவே தெரியவில்லை.

அந்தத் தீபாவளிக்கு மகன் தொடுதிரைக் கைப்பேசி வாங்கித் தந்தான். வாங்கித் தரத்தான் அவனுக்கு நேரம் இருந்தது, சொல்லித் தர இல்லை. ஆசிரியை ஆனவள் அப்போது ஏழாவது படித்துக் கொண்டிருந்த பேத்தி. "தாத்தா, பயப்படாதீங்க, தொட்டா உடைஞ்சிடாது" என்பதுதான் அவள் நடத்திய முதல் பாடம். என் வயதொத்த அன்பர்களுக்கு நானும் அதையேதான் முதலில் சொல்வேன்.

வாட்ஸ்அப், முகநூல் என்றதும் ஆங்கிலம் தெரிந்தால்தான் ஆகும் என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். அது சரியல்ல. கைப்பேசியிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. ஜிபோர்டு இருந்தால் அதன் அமைப்பில் தமிழைச் சேர்த்துக் கொள்ளலாம். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினமும் கிடைக்கிறது. ஆங்கில எழுத்துகளில் 'வணக்கம்' என்று ஒலிக்கும்படி தட்டினால் தமிழில் வந்து விழும் முறை ஒன்று. தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 முறை இன்னொன்று. 1999இல் தமிழக அரசு தரப்படுத்தியது அது. தட்டச்சுக்கே பொறுமை இல்லாதவர்கள் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும், எழுத்தாகி விடும். ஆனால் அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. "மருமகள் வைத்த ரசம் பிரமாதம்" என்று நான் பேசினேன். "மருமகள் வைத்த ரகசியம் பிரமாதம்" என்று உறவினர் குழு முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. ஊரிலிருந்து இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன!

இந்த விஷயத்தில் நம் பெங்களூருக்குத் தனிக் கதையே உண்டு. இந்திய மொழிகளுக்கென்றே 2015இல் ஷேர்சாட் இங்கிருந்துதான் கிளம்பியது. 2020இல் 'கூ' என்ற ஒன்று முதலில் கன்னடத்தில் தொடங்கிப் பிறகு தமிழுக்கும் வந்தது. மஞ்சள் குருவி அதன் சின்னம். 2024 ஜூலையில் அது மூடப்பட்டது. ஒரு காலத்தில் இளைஞர்கள் விழுந்து விழுந்து பார்த்த ஆர்குட்டும் 2014 செப்டம்பரோடு போயிற்று. ஆகவே எந்தக் குருவி கூவுகிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் அலட்டிக் கொள்ள வேண்டியதில்லை. திண்ணை மாறினாலும் அங்கே உட்காரும் முறை மாறுவதில்லை.

அந்த முறையை நான் கற்றது சுலபமாக அல்ல.

எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம் எல்லாம் உண்டு. தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்பதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு. 2023 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை மீண்டும் சூடு பிடித்தது. 26ஆம் தேதி பெங்களூர் பந்த், 29ஆம் தேதி கர்நாடக பந்த். அதற்கு இடைப்பட்ட ஒரு மாலையில் சேலத்திலிருந்து உறவினர் ஒருவர் ஒரு காட்சியை அனுப்பினார். வரிசையாகப் பேருந்துகள் எரிகின்றன. "பெங்களூரில் இன்று! தமிழர்களே வெளியே வராதீர்கள்" என்று கீழே எழுதியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. நம் வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில் தமிழ்க் குடும்பங்கள் மட்டும் உள்ள குழுவுக்கு அனுப்புவதாக நினைத்துக் குடியிருப்புக் குழுவுக்கே அனுப்பி விட்டேன்.

சில நிமிடங்களில் பேத்தி ஓடி வந்தாள். "தாத்தா, இது பழசு. 2016."

ஆம், 2016தான். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி தமிழகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதையொட்டிக் கன்னட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் எழுதியதாக இங்கே ஒரு தமிழ் மாணவரைச் சிலர் அடித்து மன்னிப்புக் கேட்க வைத்து, அதைப் படமும் பிடித்தார்கள். அந்தப் படம் இரு மாநிலங்களிலும் பரவியது. 12ஆம் தேதி நகரம் எரிந்தது. ஒரே பணிமனையில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் சாம்பலாயின. அன்று நாங்கள் கதவைச் சாத்திக் கொண்டு உட்கார்ந்திருந்தபோது கீழ் வீட்டுக் கன்னடக்காரர்தான் பால் வாங்கி வந்து கொடுத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, அதே நெருப்பை அவர் கைப்பேசிக்கு நான் அனுப்பியிருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோருக்கும் நீக்கும் வசதி உண்டு. இரண்டரை நாள் வரை அவகாசம். உடனே நீக்கினேன். ஆனால் நீக்குவதற்குள் பார்த்தவர்கள் பார்த்து விட்டார்கள். "என்ன சார் இது?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது அந்த ஒரு வரிதான். மற்றவர்களின் மௌனம் அதைவிடக் கனமாக இருந்தது. அது பழைய படம், சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு, வருந்துகிறேன் என்று அதே குழுவில் எழுதினேன். பிறகு படியிறங்கிப் போய்க் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். "பரவாகில்ல சார், பன்னி, காபி குடியோணா" என்றார் அவர். காபி தொண்டையில் இறங்கவில்லை.

என் போன்றவர்களின் பதற்றம் என்னவெல்லாம் செய்யும் என்பதை இந்த நகரம் முன்பே பார்த்திருக்கிறது. 2012 ஆகஸ்டில் குறுஞ்செய்தி வதந்திகளால் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் சிட்டி ரயில் நிலையத்தில் கூடி ஊரை விட்டே போனார்கள். சிறப்பு ரயில்கள் விட வேண்டி வந்தது. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடும் விதித்தது. 2018 மே மாதம் சாமராஜ்பேட்டையில், பிள்ளை பிடிப்பவன் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, பிழைக்க வந்த ஒரு ராஜஸ்தான் இளைஞரை அடித்தே கொன்றார்கள். அதே ஆண்டில்தான் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் கடத்த முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. "நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்று தப்பிக்கவும் வழியில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவு செய்த பதிவைப் பகிர்ந்த வழக்கில், பகிர்வது அதை ஏற்றுக் கொள்வதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது.

எனவே இப்போது எனக்கென்று சில பழக்கங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அதைத் தொடவே மாட்டேன். "உடனே பகிரவும்" என்றிருந்தால் வேண்டுமென்றே மறுநாள் வரை வைத்திருப்பேன். பெரும்பாலும் மறுநாள் அதற்கு வேலை இருக்காது. புதிய குழுவில் சேர்ந்தால் ஒரு வாரம் வெறுமனே படிப்பேன், யார் யார் இருக்கிறார்கள், என்ன மொழியில் பேசுகிறார்கள் என்று. குடியிருப்புக் குழுவில் காலை வணக்கப் பூங்கொத்து அனுப்புவதில்லை. (இதற்கு என் நடை நண்பர்கள் இருவர் இன்னும் உடன்படவில்லை.)

காசு விஷயமும் உண்டு. முகம் தெரியாதவர் காணொளி அழைப்பில் வந்து, "போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால் பேச்சை வளர்க்காமல் துண்டித்து விடுங்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஓ.டி.பி. எண்ணை மகனே கேட்டாலும், அவன் குரலை நேரில் கேட்காமல் கொடுக்காதீர்கள். பணம் போய் விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். வாட்ஸ்அப் அமைப்பில் ஆறு இலக்க ரகசிய எண் வைப்பதும், உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதைத் தெரிந்தவர்களோடு நிறுத்துவதும் ஐந்து நிமிட வேலை. வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள், செய்து தருவார்கள்.

என் பேத்திக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. எனக்குக் கைப்பேசி கற்றுக் கொடுத்ததற்குக் கட்டணமாக அவளுக்கு உயிரெழுத்திலிருந்து தொடங்கினேன். இப்போது மாடியிலிருந்து தமிழிலேயே செய்தி அனுப்புகிறாள். றகரம் இன்னும் தகராறுதான்.

போன மாதம் குழாய்த் தண்ணீரில் விஷம் கலந்து விட்டதாக ஒரு குரல் பதிவு எங்கள் பக்கம் சுற்றியது. கீழ் வீட்டுக்காரர் அதைக் குழுவில் போடவில்லை. எனக்கு மட்டும் அனுப்பிக் கீழே எழுதியிருந்தார்: "சார், இது நிஜானா? நீங்க பார்த்து சொல்லுங்க."