சிரிப்பும் செய்தியும்: கீத் வாட்டர்ஹவுஸின் எழுத்துப் பணி



நடந்ததை நடந்தபடி சொல்வது பத்திரிகையாளர் தொழில். நடவாததைக் கற்பித்துச் சொல்வது நகைச்சுவை எழுத்தாளர் தொழில். இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்தி வருவது அரிது என்று கருதுவோர் உண்டு. ஆயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைச் செவிகொடுத்துக் கேட்கும் பழக்கமே அது. இதனைத் தம் வாழ்நாள் முழுவதும் மெய்ப்பித்தவர் ஆங்கில எழுத்தாளர் கீத் வாட்டர்ஹவுஸ்.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரில் உள்ள லீட்ஸ் ஒரு பெரிய தொழில் நகரம். கம்பளித் துணிக்கும் ஆயத்த ஆடைக்கும் பெயர்பெற்றது. அங்கே 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் வாட்டர்ஹவுஸ் பிறந்தார். தந்தையார் தெருவில் வண்டி வைத்துக் காய்கனி விற்றவர். மகன் சிறு குழந்தையாக இருக்கையிலேயே காலமானார். வறுமையின் காரணமாக இளம் வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒன்றில் அவர் எழுத்தராக அமர்ந்தார். பின்னர் விமானப் படையில் கட்டாயப் பணியை முடித்து, லீட்ஸ் நகரில் வெளிவந்த ‘யார்க்ஷயர் ஈவினிங் போஸ்ட்’ என்னும் இதழில் நிருபரானார். 1950-களின் தொடக்கத்தில் லண்டனுக்குச் சென்று, தொழிலாளர் மிகுதியாக வாசித்து வந்த ‘டெய்லி மிரர்’ நாளிதழில் சேர்ந்தார்.

1957-இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது 1959-இல் வந்த ‘பில்லி லையர்’. பொய்யன் பில்லி என்று நாம் அதனைத் தமிழாக்கலாம். அதன் நாயகன் பில்லி ஃபிஷர், வடநாட்டு ஊர் ஒன்றில் சவ அடக்க நிறுவனத்தின் எழுத்தன். அஞ்சலில் சேர்க்கும்படி நிறுவனத்தார் கொடுத்த நாட்காட்டிகளை அனுப்பாமல் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறான். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் திருமண வாக்குக் கொடுத்திருக்கிறான். அம்ப்ரோசியா என்றொரு நாட்டைக் கற்பனையில் படைத்து, அதனைத் தானே ஆண்டு மகிழ்கிறான். லண்டனுக்குப் போய் நகைச்சுவை நடிகர் ஒருவருக்கு எழுதித் தரவேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் இரயில் நிலையம் வரை வந்து, பயணச் சீட்டும் வாங்கிய பின்னர், வண்டி ஏறாமல் வீட்டுக்கே திரும்பி விடுகிறான்.

இந்நூலை வெறும் சிரிப்புக் கதை என்று ஒதுக்குவதற்கில்லை. ஊரை விட்டுப் பெயர்ந்து வந்து வேற்றிடத்தில் வாழும் நேயர்கள் இதன் பொருளை எளிதில் உணர்வார்கள். புறப்படுவதற்குப் பயணச் சீட்டு மட்டும் போதாது; நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் இனிய பொய்களையும் விட்டுவர வேண்டும். வாட்டர்ஹவுஸ் புறப்பட்டு வந்தார். அவர் படைத்த பில்லியோ தங்கிவிட்டான். போனவர், போகாதவனை ஏளனம் செய்யாமல் பரிவோடு எழுதியதே இந்நாவலின் சிறப்பு.

அதே 1929-இல் அதே லீட்ஸ் நகரில் பிறந்த வில்லிஸ் ஹால் அவருடைய இளமைக்கால நண்பர். இருவரும் சேர்ந்து நாவலை நாடகமாக்கினர். அது 1960-இல் லண்டனில் அரங்கேறியது. 1963-இல் ஜான் ஷ்லெசிங்கர் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. டாம் கோர்ட்னி பில்லியாக நடித்தார். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் டெலிவிஷன் தொடராகவும் வந்தது. ஒரே கதை நான்கு உருவங்களிலும் நிலைபெற்றதற்கு அதன் உரையாடல் வலிமையே காரணம் எனலாம்.

1962-ஆம் ஆண்டு நவம்பரில் பி.பி.சி. டெலிவிஷனில் சனிக்கிழமை இரவுதோறும் ஒரு புதுவகை நிகழ்ச்சி தொடங்கிற்று. ‘சென்ற வாரம் இப்படிப் போயிற்று’ என்னும் பொருள்படும் பெயர் அதற்கு. நெட் ஷெரின் தயாரிக்க, டேவிட் ஃப்ராஸ்ட் நடத்தி வந்தார். அவ்வார நிகழ்ச்சிகளையும் அமைச்சர்களையும் அது அச்சமின்றி எள்ளி நகையாடிற்று. வாட்டர்ஹவுஸும் ஹாலும் அதற்குச் சிறு நாடகங்கள் எழுதினர். வார இறுதிக்குள் எழுதி முடித்தாக வேண்டிய இவ்வேலைக்குப் பத்திரிகை அலுவலகப் பயிற்சி பெரிதும் உதவும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பொதுத் தேர்தல் ஆண்டு என்பதனால் 1963 டிசம்பரோடு பி.பி.சி. அந்நிகழ்ச்சியை நிறுத்தியது.

அதன்பின் இவ்விருவரும் எழுதிய தொடர்களுள் இரண்டு குறிப்பிடத் தக்கவை. 1971, 1972-இல் வந்த ‘பட்ஜி’, சிறையிலிருந்து வெளிவந்த சில்லறைத் திருடன் ஒருவனின் கதை. எளிதில் பணம் சேர்க்க அவன் செய்யும் ஒவ்வொரு சூழ்ச்சியும் அவன் தலையிலேயே விடியும். 1979 முதல் 1981 வரை வந்த ‘வோர்சல் கம்மிட்ஜ்’ குழந்தைகளுக்கானது. பார்பரா யூஃபன் டாட் எழுதிய கதைகளைத் தழுவி அமைந்தது. அதன் நாயகன் உயிர்பெற்று நடமாடும் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. செய்யவேண்டிய வேலைக்கு ஏற்றவாறு அவன் தலையைக் கழற்றி வேறு தலையை மாட்டிக்கொள்வான். ஜான் பெர்ட்வீ அவ்வேடத்தில் நடித்துச் சிறுவர் உள்ளத்தைக் கவர்ந்தார்.

இத்தனைக்கும் நடுவில் பத்திரிகைப் பணியை அவர் கைவிடவில்லை. 1970 முதல் ‘டெய்லி மிரர்’ இதழில் தொடர்ந்து பத்தி எழுதி வந்தார். வாடிக்கையாளர் நிற்பதைக் கவனியாமல் தமக்குள் பேசிக்கொண்டிருக்கும் ஷேரன், டிரேசி என்னும் கடைப் பெண்களையும், கிளாக்தோர்ப் என்னும் கற்பனை ஊராட்சி மன்றத்தையும் அப்பத்திகளில் உலவவிட்டார். ஒரு மன்றத்தின் ஆடம்பரத்தைக் கண்டிக்கும் தலையங்கத்தைவிட அந்தக் கிளாக்தோர்ப் நடவடிக்கைகள் கூர்மையாகத் தைத்தன.

மொழியின்பால் அவர் கொண்ட அக்கறை தனித்துச் சொல்லத் தக்கது. மிரர் ஊழியர்களுக்கென அவர் தொகுத்த நடைக் கையேடு 1981-இல் பொதுமக்களுக்கும் நூலாக வெளிவந்தது. தலைப்பில் இடம் போதாமையால் பிறந்த குட்டைச் சொற்கள், செய்தியின் உள்ளேயும் புகுந்து, எந்த மனிதனும் பேசாத ஒரு மொழியை உண்டாக்கிவிட்டதை அதில் எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தில் உடைமையைக் குறிக்க எழுத்தின் மேல் இடும் சிறு குறியைக் கடைப்பலகைகளில் வேண்டாத இடத்திலெல்லாம் இடுவதை எதிர்த்து, ஒரு வேடிக்கைச் சங்கமும் கண்டார். நம் மொழியில் ஒற்று மிகக்கூடாத இடத்தில் மிகுந்து நிற்கக் கண்டு வருந்துவோர் அவரோடு உறவு பாராட்டலாம்.

1986-இல் அவர் ‘டெய்லி மெயில்’ இதழுக்கு மாறினார். அப்போது மிரர், ராபர்ட் மாக்ஸ்வெல்லின் உடைமையாக இருந்தது. 1989-இல் அவர் எழுதிய ‘ஜெஃப்ரி பெர்னார்ட் இஸ் அன்வெல்’ என்னும் நாடகத்தில் பீட்டர் ஓடூல் நடித்தார். அதுவும் ஒரு பத்திரிகையாளரின் கதையே. 2009-ஆம் ஆண்டு வரை பத்தி எழுதி வந்த வாட்டர்ஹவுஸ், அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், எண்பதாம் வயதில் மறைந்தார்.

நகைச்சுவை எழுத்தை இரண்டாந்தரமாக மதிக்கும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு. ஆனால் ஒரு சொல் பிசகினால் செய்தி பொய்யாகும். ஒரு சொல் மிகுந்தால் சிரிப்பு செத்துவிடும். இரண்டு தொழில்களும் சொல்லை எண்ணிச் செலவிடச் சொல்கின்றன. காய்கனி வண்டிக்காரரின் மகன் அந்தச் சிக்கனத்தை அறுபது ஆண்டுகள் கைவிடாது காத்தார். வாசகரை மதிப்பவரே தம் சொல்லையும் மதிப்பார் என்பது அவர் வாழ்க்கை நமக்குக் காட்டும் உண்மையாகும்.